பீப்பாய் நஞ்சை முறிக்காது

போன ஆவணியில் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் தெரிந்த தம்பி ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்வளவில், வேப்பமர நிழலில், நாலு செங்கல்லின் மேல் ஒரு மரப் பீப்பாய் படுத்துக் கிடந்தது. விடுதி ஒன்று பழைய சாமான்களைக் கழித்தபோது வாங்கியதாம். ஓக் மரம். இருநூறு லீற்றர் கொள்ளும். கச்சான் காற்றில் காய்ந்து பலகைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தனவாம். ஊறவிட்டால் மரம் பருத்து இடுக்கு மூடும் என்று யாரோ சொல்ல, ஒன்பது நாளாகக் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார். ஒழுக்கு உண்மையிலேயே நின்றிருந்தது. வாய்த்துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"தெரிஞ்ச ஒராள் வீட்டில வடிச்சது கொஞ்சம் தாறன் எண்டவர் அண்ணா. இதுக்குள்ள ஊத்தி மூண்டு மாசம் வச்சா விஸ்கி மாதிரி வந்திருமாம். கெட்டது எல்லாத்தையும் மரம் உறிஞ்சிருமாம்."

அந்தக் கடைசிப் பேச்சுத்தான் என்னை இதை எழுத வைத்தது. படித்த பிள்ளை, வேலைக்குப் போகிற பிள்ளை, ஊருக்கு உதவி செய்கிற பிள்ளை. கைபேசியில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, பீப்பாயைச் சுத்தம் செய்கிற முறையை வரிவரியாகச் சொல்கிறார். அந்த வீடியோ எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. உள்ளே ஊற்றப்போவது என்ன என்பதும் தெரியாது.

மரம் என்ன செய்யும், என்ன செய்யாது

சாராயத்தை மரத்தில் வைத்துப் பழக்குவது நமக்குப் புதிய சங்கதி இல்லை. இலங்கையின் தென்னஞ்சாராயம் காலங்காலமாக ஹல்மில்ல மரத்தில் செய்த பெரிய தொட்டிகளில்தான் முதிர்ந்து வந்திருக்கிறது. தமிழில் அதைச் சவண்டலை என்பார்கள். ஆங்கிலேயரின் மர வணிகத்தில் அதற்கு இருந்த பெயரே 'திருகோணமலை மரம்'. நம் துறைமுகத்தால் ஏற்றுமதியான மரம் அது. சென்னைக் கரையில் அலையை வெட்டிக்கொண்டு போன மசூலாப் படகுகளைக் கட்டவும் அதைத்தான் எடுத்தார்கள். மரத்தையும் மதுவையும் பற்றிப் பேச நம் ஊருக்கு இல்லாத உரிமை வேறெந்த ஊருக்கும் இல்லை. அதனாலேயே இந்த விஷயத்தில் நாம் ஏமாறக் கூடாது.

மரத்தில் இருக்கும்போது மதுவுக்கு நிறம் ஏறுகிறது. மரத்தின் சத்துகள் கரைந்து வனிலா போன்ற ஒரு வாசம் சேர்கிறது. காற்று மெல்ல மெல்ல உள்ளே போய்வர, நாக்கை அறுக்கிற காரம் தணிகிறது. உட்புறம் சுட்டுக் கரியாக்கிய பீப்பாய் என்றால், அந்தக் கரி சில துர்நாற்றங்களையும் பிடித்துக்கொள்ளும். 'கெட்டதை மரம் உறிஞ்சும்' என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் முளைத்தது. நாற்றம் குறைவதைக் கண்டவர்கள் நஞ்சும் குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள்.

ஆளைக் கொல்வது மெதனோல். குடிக்கிற மதுவில் உள்ள எதனோலுக்கு அது கூடப்பிறந்த தம்பி மாதிரி. நிறம் ஒன்று, மணமும் ஏறக்குறைய ஒன்று, நீரில் கரைகிற விதமும் ஒன்று. எதனோலைக் கடந்துபோக விட்டு மெதனோலை மட்டும் பிடித்து வைக்கிற மரம் உலகத்தில் எங்கும் இல்லை. மூன்று மாதம் வைத்தாலும் மூன்று வருடம் வைத்தாலும் அது உள்ளேயே இருக்கும். ஈயம் கலந்திருந்தால் அது இன்னும் பிடிவாதம்: பீப்பாயில் ஆவியாகி வெளியேறுவது தண்ணீரும் மதுவும்தான், ஈயம் அப்படியே மிஞ்சும். வைக்க வைக்க அதன் செறிவு கூடுமே தவிரக் குறையாது.

எரித்துப் பார்க்கிற சோதனையும் வேண்டாம். 'நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு' என்று சொல்வார்கள். மெதனோலும் மங்கிய நீலத்தில்தான் எரியும். நாக்கு, மூக்கு, கண், நெருப்பு நாலும் இந்த இடத்தில் பொய்ச்சாட்சி சொல்லும். ஆய்வுகூடம் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

பீப்பாய் எங்கிருந்து வருகிறது

பழைய ஓக் பீப்பாய் உலகச் சந்தையில் இவ்வளவு கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 'பேர்பன்' என்ற பெயரில் விற்க வேண்டுமானால் உட்புறம் சுட்ட புதிய ஓக் பீப்பாயில்தான் முதிர வைக்க வேண்டும். அதே பீப்பாயைப் பேர்பனுக்கு மறுபடி பாவிக்க முடியாது. அதனால் அவை ஸ்கொட்லாந்துக்கும் மற்ற நாடுகளுக்கும் போகின்றன. அங்கே விஸ்கி குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அங்கும் உழைத்துக் களைத்த பிறகு அவை பூச்சாடியாக, மேசையாக, விடுதி அலங்காரமாக மாறுகின்றன. நம் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அந்தக் கடைசி நிலையில்தான்.

அலங்காரத்துக்கு விற்கிற பீப்பாய்க்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். பூச்சி அரிக்காமல் மருந்தும் அடித்திருக்கலாம். வைன் பீப்பாய் என்றால் கந்தகப் புகை காட்டியிருப்பார்கள். பல மாதம் வெறுமையாகக் கிடந்ததில் பலகை இடுக்குகளில் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஊறவைத்த தண்ணீர் இதில் எதையும் முழுதாக வெளியே எடுக்காது. பல் துலக்குவது போல உள்ளே தேய்த்தாலும், மரத்தின் துளைக்குள் நாலைந்து மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறங்கியது அங்கேதான் இருக்கும். பிறகு ஊற்றுகிற மது அதைக் கரைத்து வெளியே கொண்டுவரும். தண்ணீர் கரைக்காத பலவற்றையும் மது கரைக்கும்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு 40 பங்கு மது உள்ள திரவம் ஏறக்குறைய 26 பாகை செல்சியசில் தீப்பிடிக்கும் ஆவியை விடத் தொடங்கும். திருகோணமலையில் வைகாசி முதல் ஆவணி வரை பகல் வெப்பம் 30 பாகைக்கு மேலேதான் நிற்கிறது. அதாவது மூடி திறந்து கிடக்கிற போத்தலின் வாய்க்கு அருகே தீக்குச்சி கிழிப்பதே ஆபத்து. சாராயம் இருந்த பீப்பாயை 'கிருமி சாகட்டும்' என்று உள்ளே கந்தகம் கொளுத்துவதும், உட்புறத்தை மறுபடி கரியாக்க காஸ் சுடர் பிடிப்பதும் வெடிக்க வைத்துவிடும். பெரிய தொட்டிக்குள் தலையை விட்டு மணந்து பார்ப்பதும் வேண்டாம். உள்ளே காற்றுக்குப் பதில் கரியமில வாயு தேங்கி நின்றால், மயங்கிச் சரிகிறவருக்குக் கத்தக்கூட நேரம் இருக்காது. அவரைத் தூக்கப் போகிறவரும் சேர்ந்து விழுவார்.

நீல நிறப் பரல்

ஓக் பீப்பாய் ஆயிரத்தில் ஒரு வீட்டில் இருக்கும். நம் மாவட்டத்தில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் பிடிபட்ட செய்தியை எப்போது வாசித்தாலும் கூடவே வருகிற பெயர் பிளாஸ்டிக் பரல். சீனியும் ஈஸ்டும் கரைத்துப் புளிக்கவிட்ட கலவையைக் கோடா என்கிறோம். அந்தக் கோடா பற்றைக் காட்டுக்குள்ளோ, குளக்கரையிலோ, குழிக்குள் புதைத்தோ பரல் பரலாகக் கிடக்கும்.

அந்தப் பரலின் முன்பிறவி என்ன? துறைமுகம் உள்ள ஊர் இது. கப்பல் பழுது பார்க்கிற இடத்திலும் தொழிற்சாலையிலும் பட்டறையிலும் இறங்குகிற திரவங்கள் பல: தின்னர், எண்ணெய் நீக்கி, அமிலம், பூச்சிநாசினி. வெறுமையான பரல் கைமாறிக் கைமாறிப் பழைய சாமான் கடைக்கு வரும்போது அதன் லேபிள் சுரண்டப்பட்டிருக்கும். வாங்குகிறவர் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் அலசுவார். பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்ட இரசாயனத்தைச் சவர்க்காரம் தொடாது.

கசிப்பை வெறுக்கிற வீடுகளும் இந்த இடத்தில் கவனமாக வாசிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராத பகுதிகளில் இதே நீலப் பரலில்தான் குடிதண்ணீர் சேமிக்கிறோம். பரலின் உடம்பில் சிவப்பு விளிம்போடு சாய்சதுரக் குறி ஒட்டியிருந்தால், அதற்குள் மண்டையோடோ தீச்சுடரோ கையை அரிக்கிற படமோ இருந்தால், அதில் தண்ணீர் வைக்க வேண்டாம். லேபிள் சுரண்டிய தடம் தெரிந்தாலும் அப்படித்தான். மூடியைக் கழற்றி வெயிலில் அரை மணித்தியாலம் வைத்து, பிறகு மணந்து பாருங்கள். பெயின்ற் மணமோ மருந்து மணமோ வந்தால் குப்பை போட மட்டும் பாவியுங்கள். மணம் வராவிட்டால் பாதுகாப்பானது என்று அர்த்தம் எடுக்க வேண்டாம். முன்பு என்ன இருந்தது என்று விற்பவர் சொல்ல முடியாத பரலை வாங்காமல் விடுவதே சரி. கோப்பையும் முள்ளுக்கரண்டியும் பொறித்த சின்னம் உணவுக்கு என்று செய்த பொருளைக் குறிக்கும். தெரிந்தே பிழையான பொருளை உணவுப் பாவனைக்கு என்று விற்றால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு வாங்கி வைத்திருந்தால் முறைப்பாட்டுக்குப் பலம் கூடும்.

ஈயம் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். ஆவியைக் குளிரவைக்க சிலர் பழைய வாகனத்தின் ரேடியேற்றரைப் பாவிக்கிறார்கள். அதன் இணைப்புகள் ஈயம் வைத்துப் பொருத்தியவை. சூடான மது அதன் வழியே சொட்டுச்சொட்டாக ஈயத்தைக் கரைத்துக்கொண்டு வரும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கள்ளச்சாராயம் குடித்தவர்களின் சிறுநீரகமும் நரம்பும் கெட்டது இந்த வழியாகத்தான். ஈயம் ஒரே நாளில் கொல்லாது. வயிற்றுவலி, இரத்தசோகை, கை துவளுதல் என்று வருடக்கணக்கில் வரும். நாம் அதைக் குடிப்பழக்கத்தின் விளைவென்று எண்ணி விட்டுவிடுவோம்.

கருணாபுரம் சொல்லிப்போனது

சீனியும் ஈஸ்டும் மட்டும் புளிக்கும்போது மெதனோல் மிகக் கொஞ்சமே உண்டாகும். பழத் தோல் சேர்ந்தால் சற்றுக் கூடும். கூட்டம் கூட்டமாக ஆட்கள் சாகிற இடங்களில் நடந்தது வேறு: தொழிற்சாலைக்கு என்று செய்த மெதனோலை, காரம் கூட்டவும் இலாபம் கூட்டவும் யாரோ உள்ளே ஊற்றியிருந்தார்கள்.

2023 மே மாதம் தமிழ்நாட்டின் மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்ற மீனவக் குடியிருப்பிலும் செங்கல்பட்டிலும் 20க்கு மேற்பட்டோர் இப்படி இறந்தார்கள். ஒரு வருடம் போனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட்டில் விற்ற சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கூலி வேலை முடிந்து வந்து குடித்தவர்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். தமிழ்நாடு சட்டசபை அந்த மாதமே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை கொடுக்க வழி செய்தது. போன உயிர்கள் போனதுதான். அதே வருடம் நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் 6 வெளிநாட்டுப் பயணிகள் மெதனோல் கலந்த மதுவால் இறந்தார்கள். நிலாவெளி, உப்புவெளிக் கரையில் விடுதி நடத்துகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். விருந்தாளியின் கிளாசில் ஊற்றுவது எங்கே வாங்கியது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லாத போத்தல் உங்கள் மேசைக்கு வரக்கூடாது. மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் இல்லாத போத்தலையும் தொட வேண்டாம்.

மெதனோல் வயிற்றுக்குள் போனவுடன் கொல்வதில்லை. ஈரல் அதை மெதுவாக உடைத்து, எறும்புக் கடியில் இருக்கிற அதே ஃபோர்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் இரத்தத்தில் ஏறிக் கண் நரம்பைத் தின்கிறது. இதற்கு 12 முதல் 24 மணித்தியாலம் எடுக்கலாம். சாதாரண மதுவும் கலந்திருந்தால் இன்னும் பிந்தும். மோசம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இரவு குடித்தவர் காலையில் தலையிடி என்கிறார், சத்தி எடுக்கிறார், வயிறு நோகிறது என்கிறார். வீட்டில் 'வெறி இறங்கவில்லை' என்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். பின்னேரம் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பால் ஊற்றிய கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். மூச்சு வேகமாக வாங்குகிறது. 10 மில்லிலீற்றர் மெதனோல், அதாவது இரண்டு தேக்கரண்டி, பார்வையைப் பறிக்கப் போதும். 30 மில்லிலீற்றர் உயிரைப் பறிக்கப் போதும்.

இதற்கு மருந்து உண்டு. நேரத்துக்குப் போனால் மெதனோல் அமிலமாக மாறுவதைத் தடுக்கிற முறிமருந்து கொடுக்கலாம். அமிலத்தைச் சமப்படுத்தலாம். இரத்தச் சுத்திகரிப்புச் செய்து நஞ்சை வெளியே எடுக்கலாம். எல்லாமே வைத்தியசாலையில்தான் முடியும். 'வைத்தியர் மதுவையே முறிமருந்தாகக் கொடுப்பாராம்' என்று கேள்விப்பட்டு வீட்டில் மேலும் சாராயம் பருக்குவது கொலைக்குச் சமம். அளவு தெரியாமல் கொடுத்ததில் மயங்கியவர் சத்தியைத் தன் சுவாசத்துக்குள் இழுத்து இறந்துவிடுவார்.

1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சத்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்சம் இருக்கிற போத்தலைக் கழுவாமல், ஊற்றாமல் கையோடு கொண்டு போங்கள். எப்போது, எவ்வளவு குடித்தார் என்று வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையோ, மூதூர், கிண்ணியா, கந்தளாய் வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே முதலில் போக வேண்டும். மேலதிக ஆலோசனைக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தோடு வைத்தியர்கள் பேசுவார்கள். இன்னொன்றும் உண்டு: அதே பாத்திரத்தில் குடித்த மற்றவர்கள் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

நியூசிலாந்தில் 1996 முதல் சொந்தப் பாவனைக்கு வீட்டில் மது வடிக்கலாம். தம்பி பார்த்த வீடியோக்கள் அப்படியான நாட்டில் எடுத்தவையாக இருக்கலாம். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பது குற்றம். விற்பது குற்றம். வடிக்கிற உபகரணத்தையோ கோடாவையோ வைத்திருப்பதும் குற்றம். 'எனக்கு மட்டும், விற்க இல்லை' என்ற விலக்கு அதில் கிடையாது. அபராதமும் சிறையும் இரண்டும் உண்டு. பீப்பாயை மேசையாக வைத்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கசிப்பை ஊற்றிவிட்டால் அதுவே சான்றுப்பொருளாகிவிடும்.

இந்தச் சட்டம் யாரைப் பிடிக்கிறது என்பதில் எனக்கு ஆறாத கவலை உண்டு. பெரிய முதலாளி பற்றைக்குள் இருந்து ஓடிவிடுகிறார். பரல் கிடந்த வளவில் குடியிருக்கிற விதவை, அடுப்பு மூட்டக் கூலிக்குப் போன பையன், இவர்கள்தான் நீதவான் முன் நிற்கிறார்கள். பேசத் தெரியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நகையை அடகு வைத்து அபராதம் கட்டுகிறார்கள். ஒரு முறை குற்றவாளியாகப் பதிவானால், வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பொலிஸ் நற்சான்று கேட்கிற ஒவ்வொரு தடவையும் அது முன்னால் வந்து நிற்கும். உங்கள் வளவில், நீங்கள் குத்தகைக்குக் கொடுத்த காணியில், இப்படியான பரலைக் கண்டால் பேசாமல் இருக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வையுங்கள். மதுவரித் திணைக்களத்துக்கு 1913 இலும், பொலிசுக்கு 119 இலும் அறிவிக்கலாம்.

சோதனைக்கு வருகிறவர்களிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். பெண்ணின் உடலை ஒரு பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மானம் குலையாமல். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதைத்தான் வழமை என்கிறது, மறுப்பது விதிவிலக்கு.

பலருக்குத் தெரியாத ஒன்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருக்கிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. மதுவரிக் குற்றம் பற்றி மதுவரி உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதலுக்கும் அப்படியே. ஆகவே 'இங்கே கையெழுத்து வை, விட்டுவிடுவோம்' என்று எவராவது சொன்னால் பயந்து வைக்க வேண்டியதில்லை. தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கவே கூடாது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழி. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் அதை உறுதியாக்கியது. தமிழில் எழுதுங்கள், வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

அடித்திருந்தால், காரணமின்றித் தடுத்து வைத்திருந்தால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். கொழும்புக்குப் போகக் காசில்லாதவர் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் உடனடி இலக்கம் 1996. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர் என்று காட்டினால் இலவசமாக ஆள் வைத்துத் தரும். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் அங்கே ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.

வீட்டுக்குள்

கசிப்பு முதலில் சுடுவது குடிக்காதவர்களைத்தான். அடிபடுகிற மனைவி, பயந்து ஒளிகிற பிள்ளை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். வழக்குப் போட்டு உள்ளே தள்ள வேண்டும் என்றில்லை. கிட்ட வராதே, அடிக்காதே என்று நீதிமன்றம் கட்டளையிடும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

குடியை விட விரும்புகிறவரை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் கோவிலில் சத்தியம் பண்ணிவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். அந்த முதல் வாரத்துக்கு மருந்து வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

தம்பியின் பீப்பாய்க்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். முதல் வேலையாக அந்தத் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கவிழ்த்தோம். 2017இல் கிண்ணியாவை உலுக்கிய டெங்கை இந்த மாவட்டம் மறக்கக் கூடாது. முட்டை நுளம்பாகிப் பறக்க ஒன்பது பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அந்தக் குடம்பிகளுக்கு மட்டுமே அவர்மீது வழக்கு வைத்திருக்கலாம். பிறகு அடியில் ஐந்து ஓட்டை போட்டு, நடுவால் அறுத்து, இரண்டு பாதியிலும் மண் நிரப்பி, ஒன்றில் கறிவேப்பிலையும் மற்றதில் மல்லிகையும் வைத்தார். தருவதாகச் சொன்ன ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அந்த ஆள் வேறு யாருக்குக் கொடுத்தாரோ, அந்தக் கவலை எனக்குப் போகவில்லை.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குசினிச் சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் 1990 என்று இன்றைக்கே பெரிதாக எழுதி வையுங்கள். குடித்தவர் எவராவது கண் மங்குகிறது என்றால், நேரம் நள்ளிரவானாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.